அக்கா வீட்டு வெற்றிடம்

எங்கள் கல்லூரியில் அவருக்கு ‘ஜோடி சார்’ என்று பெயர். காதல் கீதல் எல்லாம் ஒன்றும் கிடையாது; மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இயற்பியல் வகுப்பில் எதை ஆரம்பித்தாலும் எலெக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் என்ற ஜோடியில்தான் கொண்டுவந்து முடிப்பார். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் மின்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அங்கிருந்தே ஒரு எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் ஜோடியாகப் பிறந்துவிடும். பிறந்த வேகத்தில் புலம் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். அவ்வளவு வலுவான புலத்தை இன்னும் எந்த ஆய்வுக்கூடமும் உண்டாக்கவில்லை என்பதை, ஏதோ தன் வீட்டுக் கஷ்டம்போல் சொல்வார்.

பக்கத்து அறையில் வேதியியல் நடத்தும் எனக்கு அதெல்லாம் மனப்பாடம். நடுவில் ஒரு ஜோக் அடிப்பார்.

“வெற்றிடம்னா என்ன தெரியுமா? எங்க அக்கா வீடு! புருஷன் இல்ல, புள்ள இல்ல. ஒரு தையல் மிஷினு, ஒரு டிவி. கூப்பிட்டா எதிரொலிதான் வரும்!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒரு நாளும் நான் அவரைத் தட்டிக்கேட்டதில்லை.

இந்த வருடம் குடும்பத்தாரும் வந்து வகுப்பில் உட்காரலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். அவருடைய அக்கா வந்திருந்தார். ராப்பகலாகத் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். ஆசை ஆசையாக முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். இந்த மனிதருக்குப் பழக்கதோஷம், பாடம் ஓடிய ஓட்டத்தில் வாய் தானாக “எங்க அக்கா வீடு!” என்றது. பாதியிலாவது நிறுத்தினாரா? எதிரொலி வரைக்கும் போய்த்தான் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அக்காவும் சிரித்தார்.

அப்புறம் பாடமா அது! எலெக்ட்ரானை நெகட்டிவ் தகட்டுக்கு அனுப்பினார். “சார், பாசிட்டிவ் பக்கம்ல போகணும்?” என்று பையன்கள் திருத்த வேண்டியதாயிற்று.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் ஓடிப்போய் அக்காவைப் பிடித்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“வாய் தவறி வந்துடுச்சுக்கா. இன்னிக்கு மட்டும்தான் இப்படி, என்னமோ போ...”

“அட போடா, இதுக்குப் போயி” என்று அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

அதோடு முடிந்திருக்கும். அந்த வழியாக வந்த ஒரு மாணவி, பாவம், ஒன்றும் அறியாமல் சந்தோஷமாக நின்றாள்.

“அந்த அக்கா நீங்கதானா! எங்க அண்ணன் இங்க படிச்சப்பவே உங்க வீட்டைப் பத்திச் சொல்லிருக்கான். பரீட்சைலகூட எழுதினானாம்!”

அக்காவின் கை காலரிலிருந்து இறங்கியது. ஒரு மனிதர் அப்படிக் கூனிக்குறுகி நான் பார்த்ததில்லை. கேட்டும் கேட்காமல் இத்தனை வருடம் இருந்த எனக்கே எங்காவது ஓடிவிடலாம்போல் இருந்தது.

“வருஷா வருஷம் சொல்றியா?” என்றார் அக்கா.

ஜோடி சார் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ எந்த வீட்லடா வளர்ந்தே?”

அவர் தலையைத் தூக்கவே இல்லை. அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பினார்.