ஒன்பது நாள் நிறுத்தி வைத்த மோட்டார்

எழுபதுகளின் தொடக்கம். ஆரம்பாக்கத்துக்குச் சற்று உள்ளே, நெல் வயல்களுக்கு நடுவில் ஒரு மேட்டில், சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளக்க ஒரு சின்ன ஆய்வு நிலையம் வைத்திருந்தார்கள். நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளன். சொந்த ஊர் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, காலை ரயிலில் போய் வருவேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அதில் பெரும்பங்கு என் மேல்தான்.

நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கம்பி வலை அடித்த கிண்ணம் போன்ற ஆன்டெனா ஒன்று. அதன் அடியில், அலையை வாங்கும் ரிசீவரின் முதல் பகுதியை வைத்து மூடிய தகரப் பெட்டி. எழுபது அடி தள்ளி ஓர் ஓட்டு அறை. பெட்டியிலிருந்து கேபிள் அறைக்கு வரும். அங்கே காகிதச் சுருள் மெல்ல நகர, ஒரு பேனா சூரியனின் அளவைக் கோடாக வரைந்துகொண்டே போகும். நாங்கள் மின்விசிறிக்கு அடியில் அந்தப் பேனாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். வெயிலில் பெட்டிப் பக்கம் போக யாருக்கும் மனசு வராது.

பங்குனி பிறந்த சமயத்தில் கோட்டில் ஒரு துள்ளல் வந்தது. சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேனா வெடுக்கென்று மேலே குதித்து இறங்கும். சூரியன் இப்படிக் கடிகாரம் பார்த்துக் குதிக்காது. எங்கோ ஒரு மின்சாரத் தீப்பொறி அலையில் கலக்கிறது என்று புரிந்தது. எங்கள் அதிகாரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கை காட்டிய இடத்தில் ஒரு கிணறும் மோட்டார் கொட்டகையும் இருந்தன.

அது ஓர் அம்மாவின் நிலம். முப்பது வயது இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். உழவு, நாற்று, தண்ணீர் எல்லாம் அந்தம்மாதான். அப்போது அவருடைய நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் குறையவே கூடாத சமயம்.

சோதனை ஒன்று செய்தோம். நான் கிணற்றடியில் நின்று துண்டை வீசுவேன், அந்தம்மா மோட்டாரை நிறுத்துவார், அதிகாரி அறையில் பேனாவைப் பார்ப்பார். மோட்டார் நின்றதும் துள்ளல் போய்விடவில்லை. ஆனால் இடைவெளி குறைந்து, அடிக்கடி வந்தது. மறுபடி ஓடவிட்டால் பழையபடி தள்ளித் தள்ளி வந்தது. "சம்பந்தம் இருக்கிறதய்யா!" என்று அதிகாரி மேஜையைத் தட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த மோட்டாரில் பழுது, அதனால் அரசாங்க ஆய்வு கெடுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மின்சார அலுவலகத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன். மறுநாளே ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். எங்கள் வேலை எதுவும் அதுவரை அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.

மோட்டார் நின்றது. துள்ளல் நிற்கவில்லை. "இன்னொரு மோட்டார் எங்கேயோ ஓடுகிறது, தேடு" என்றார் அதிகாரி. சைக்கிளில் கிணறு கிணறாக அலைந்தேன். நிறுத்திய மோட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. என்ன மனிதர்கள் நாங்கள்!

ஒன்பதாம் நாள் பகலில் அந்தம்மா நேராக நிலையத்துக்கு வந்துவிட்டார். அதிகாரி மெட்ராஸ் போயிருந்தார். அந்தம்மா வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இன்னா சார், என் மோட்டாரு கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தது நீதானே? மெக்கானிக்கு வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லேன்னுட்டான். ஒம்போது நாளா கரண்டு இல்ல. இன்னும் உங்க பேப்பருல குதிச்சிக்கினுதானே கீது? அப்ப அது யாரு மோட்டாரு? காத்துல ஓடுதா?"

பதில் இல்லாத உத்தியோகஸ்தன் சொல்வதையே நானும் சொன்னேன். அதிகாரி சாயங்காலம் வருவார், உட்காருங்கள் என்றேன். உள்ளே வரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த மேட்டில் வேறு நிழல் கிடையாது. அவர் போய் ஆன்டெனாவின் அடியில், பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பவும் வாசலில் வந்து நின்றார்.

"எவ்ளோ நேரம் சார் குந்திக்கினு இருக்கறது? உங்க பொட்டி டிக்கு டிக்குன்னு அடிக்கறத எண்ணிக்கினே இருந்தேன், இருபத்திமூணு ஆயிடுச்சு. பேஜாரா கீது. ஆடு மாட்டக்கூடத் தண்ணி காட்டிட்டுதான் கட்டுவாங்க."

காகிதச் சுருளைப் பின்னால் இழுத்து, அவர் போய் உட்கார்ந்த நேரத்திலிருந்து எண்ணினேன். இருபத்திமூன்று துள்ளல். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை பெட்டிகிட்ட போங்க. டிக்குன்னு கேட்டதும் சத்தம் போடுங்க" என்று கெஞ்சினேன். முறைத்தார். ஆனாலும் போனார். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோ!" என்று வெளியே குரல் கேட்டது. பேனா குதித்தது. இரண்டாவது "தோ!" அப்போதும் குதித்தது. மூன்றாவது தடவை குரலில் கோபம் ஏறியிருந்தது. பேனாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, குதித்தது.

பெட்டியைத் திறந்தேன். ரிசீவரை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. சூடு ஏறினால் அணைக்கவும் இறங்கினால் போடவும் ஒரு தானியங்கி சுவிட்ச். அது முனை கருகி, அணைந்து எரியும் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொறியை அடக்க ஒரு சின்ன கண்டென்சர் போட வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. தை மாதம் அந்தப் பெட்டியைப் பூட்டியவன் நான். கண்டென்சர் அப்போது கையில் இல்லை, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மூடியவனும் நான்தான்.

மோட்டாரை நிறுத்தியதும் துள்ளல் நெருங்கியது ஏன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் நின்றால் எங்களுக்கு வோல்டேஜ் ஏறும், ஹீட்டர் சீக்கிரம் சூடாகும், சுவிட்ச் அடிக்கடி அடிக்கும். எங்கள் பெட்டியின் கோளாறை அவருடைய மோட்டாருக்கு எதிரான சாட்சியாக்கியிருந்தோம். ஹீட்டர் வயரைப் பிடுங்கினேன். அறைக்கு ஓடி வந்து பார்த்தேன், பேனா நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"தப்பு எங்களோடதுதான்மா. நான் பண்ணின தப்பு" என்றேன். அவரும் உள்ளே வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"என் மோட்டார ஒம்போது நாளு நிறுத்துனீங்களே சார், உங்க பொட்டிய ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாத்தீங்களா?"

சாயங்காலம் அதிகாரியிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "நாம் எழுதியது தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் நிலையத்துக்கு என்ன மரியாதை? மெதுவாகப் பார்க்கலாம்" என்றார். அங்கே பயிர் காய்கிறது, இவருக்கு மரியாதை! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியிடம் குரலை உயர்த்தினேன். மறுநாள் காலையில், கோளாறு எங்கள் கருவியில்தான் என்று என் கையெழுத்திலேயே எழுதி, மின்சார அலுவலகத்தில் கொடுத்து, ஆளைக் கையோடு கூட்டி வந்து ஃபியூஸைப் போட வைத்தேன். அதற்காக எனக்கு மெமோ வந்தது. அந்த மாத அறிக்கையில் அதிகாரி, 'வெளிக் குறுக்கீடு கண்டறிந்து நீக்கப்பட்டது' என்று எழுதினார். வெளிக் குறுக்கீடாம்!

தண்ணீர் பாய்ந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. கிணற்றை ஒட்டிய பாத்திகள் தேறின. தள்ளி இருந்தவை எல்லாம் வெளுத்த கதிராக நிமிர்ந்து நின்றன, உள்ளே அரிசி இல்லை. அறுவடை அன்று வரப்பில் போய் நின்று மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா நிமிரவில்லை. ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதினார். முழுதும் பறந்துவிட்டது.

"எங்கிட்ட சொல்லிட்ட சார். இத்துகிட்ட யாரு சொல்றது?"

அந்த நிலையத்தில் நான் எடுத்த அளவுகளில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த எங்கள் பெட்டியைச் சந்தேகிக்க வெட்கப்பட்டு, எதிர்த்துக் கேட்க முடியாதவர் மேல் பழி போட்டோமே, அந்த ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது.