தேக்காவிலிருந்து வந்த குரல்

என் கணவரின் தொண்டையில் இருந்த புற்றுநோயைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். குரல் கரகரக்கிறது என்று கிளினிக்குக்குப் போனபோதெல்லாம் இருமல் மருந்துதான் கிடைத்தது. கடைசியில் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. தேவாலயத்தில் கணீரென்று பாடிய மனிதர், இப்போது எதையும் ஃபோனில் எழுதிக் காட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் இழுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனேன்.

வழக்கறிஞர் சின்னப் பெண். "லேட்டாச்சுன்னு சொன்னா மட்டும் போதாது ஆன்ட்டி. லேட்டானதாலதான் வாய்ஸ் போச்சுன்னு ப்ரூவ் பண்ணணும். ஃபர்ஸ்ட் டைம் டாக்டரைப் பார்த்தப்ப அங்கிள் வாய்ஸ் எப்படி இருந்துச்சு? ரெக்கார்டிங் இருக்கா?" என்றாள்.

பாடகர் குழு வீடியோக்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் கூட்டத்தோடு கூட்டமாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார், எது அவர் குரல் என்றே தெரியவில்லை. என் ஃபோன்தான் கைகொடுத்தது. சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தைக்குப் போகிறவர் அவர். மீன் கடை முன்னால் நின்றபடி எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். நான் எதையும் அழிப்பதில்லை. "அழி லா, ஃபோன் திணறுது" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறார்.

கிளினிக்குக்கு முதலில் போன வாரத்தின் செய்தியை வழக்கறிஞருக்குப் போட்டுக் காட்டினேன். "வாவல் ஃப்ரெஷ்ஷா இல்ல. குனிங் மீன் போதுமா? சீக்கிரம் சொல்லு லா, மீன்காரர் என்னையே பாக்குறாரு." கரகரப்பு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் குரல் இருந்தது.

அதைக் கேட்டு, மருத்துவக் குறிப்புகளையும் பார்த்த தொண்டை நிபுணர், அப்போதே கண்டுபிடித்திருந்தால் கதிர்வீச்சு சிகிச்சையோடு முடிந்திருக்கும், குரல் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்குக்கு இது ரொம்ப நல்லது என்றாள் அந்தப் பெண். எனக்கு நல்லதாகவே படவில்லை. அந்தக் குரல் போயிருக்கவே வேண்டாம் என்பதுதானே அதற்கு அர்த்தம். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்வரை அழுதுகொண்டே வந்தேன். அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார், ஏதோ எனக்குத்தான் ஆபரேஷன் நடந்த மாதிரி.

அடுத்த சனிக்கிழமை இருவருமாகத் தேக்காவுக்குப் போனோம். கடைக்காரரிடம் பேசுவது இனி என் வேலை. எனக்கோ மீன் பார்த்து வாங்கத் தெரியாது. எதை எடுப்பது என்று புரியாமல் திருதிருவென்று விழித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"வாவல் ஃப்ரெஷ்ஷா இல்ல. குனிங் மீன் போதுமா? சீக்கிரம் சொல்லு லா, மீன்காரர் என்னையே பாக்குறாரு."

மீன்காரர் முறைத்தார். திரும்பிப் பார்த்தேன். அழி அழி என்று உயிரை எடுத்தவர், என் பையிலிருந்து எடுத்த ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குனிங்கே போதும்" என்றேன், அவர் கேள்விக்குப் பதிலாக.