உப்பு அள்ளிய கைகள்

நேற்று திரேஸ்புரம் கரையில், கடலில் விழுந்த ஒருவனைத் தூக்கி வந்து கிடத்தி, இரண்டு இளைஞர்கள் அவன் நெஞ்சை மாறி மாறி அமுக்கினார்கள். அவன் இருமினான். பிழைத்துக்கொண்டான். உப்பு கொண்டு வரச் சொல்லி யாருமே கத்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் என் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போவார். அவர் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடிப்பவர் அம்மாவின் தம்பி, என் மாமா. மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்?

ஒரு நாள் கயிறு கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டது. அப்பாவை மேலே கொண்டுவர நேரமாகிவிட்டது. கரையில் கிடத்தி, கழுத்துவரை உப்பைக் கொட்டி மூடினார்கள். குடித்த தண்ணீரை உப்பு உறிஞ்சிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். மாமா அள்ளி அள்ளிப் போட்டார்.

"ஏலே, கயித்த விட்டுட்டியாலே?" என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். மாமா குனிந்து அடுத்த கை உப்பை அள்ளினார். அப்போதுதான் அம்மா அவர் கைகளைப் பார்த்தாள். கயிறு இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அந்தக் கையால்தான் உப்பை அள்ளிக்கொண்டிருந்தார். எரிச்சல்கூட அவருக்குத் தெரியவில்லை.

"போதும்லே," என்றாள் அம்மா.

"இன்னும் கொஞ்சம் போடுதேன்க்கா. மச்சான் இப்ப இருமிருவாரு."

நேற்றுதான் அந்த இருமலைக் கேட்டேன். மாமாவின் கைகளில் பலத்துக்குக் குறைவில்லை. அவற்றை எங்கே வைத்து அமுக்க வேண்டும் என்று சொல்லத்தான் அன்று கரையில் ஆளில்லை.