கிணற்றுப் பலகையில் நான் எழுதிய கட்டை எழுத்து

மலாயாவில், லுக்குட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், சாமான் கொட்டகையில் எனக்கு வேலை. கப்பலுக்குப் போகும் ரப்பர் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரைப் பதிக்க வேண்டும். எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மை தோய்த்த தூரிகையால் குத்தினால் போதும். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

1930களின் தொடக்கத்தில் கம்பெனி தன் எழுத்தை மாற்றியது. சீமையிலிருந்து புதுத் தகரங்கள் வந்தன. பழைய இங்கிலீஷ் எழுத்துகளுக்குக் காலும் வாலும் இருக்கும். புதியவற்றில் அவை இல்லை. வட்டமென்றால் கவராயம் வைத்துப் போட்ட வட்டம். கோடென்றால் அடிக்கோல் பிடித்துப் போட்ட கோடு. எல்லாம் ஒரே தடிமன், கட்டை கட்டையாக. சடக்கில் லோரி ஓட்டிப் போகிறவனுக்குக்கூடக் கண்ணில் படும். எனக்கு அந்த எழுத்தின்மேல் பைத்தியம் பிடித்தது. ஆபீஸ் பலகையையும் ஆஸ்பத்திரிப் பலகையையும் நானாகவே கேட்டு வாங்கி அதே மாதிரி எழுதினேன். துரை ஒருநாள் நின்று பார்த்து “குட்” என்றார். அது என் தலைக்கேறிவிட்டது.

அந்த வருட மழையில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழேயிருந்த கிணற்றில் சாக்கடைத் தண்ணீர் இறங்கியது. ஆள்விட்டுத் தூர் வாரினார்கள். அப்படியும் அந்தத் தண்ணீர் துணி துவைக்கத்தான் ஆகும், வயிற்றுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார். “இந்தத் தண்ணியக் குடிக்காதேன்னு தமிழ்ல எழுதி மாட்டுய்யா. எல்லாரும் படிக்கிற மாதிரி சாதாரணமா எழுது லா.”

சாதாரணமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டை எழுத்தைத் தமிழிலும் செய்துகாட்ட ஆசை. சுழிகளை எடுத்துவிட்டு வட்டம் போட்டேன். ‘கு’வின் வால் கீழே இறங்கியது, ‘டி’யின் கொக்கி மேலே ஏறியது; வரிசை கெட்டது என்று இரண்டையும் நறுக்கினேன். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் இடைஞ்சலாக இருந்தன, வைக்காமலே விட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது பெட்டியிலிருக்கும் எழுத்துக்குக் கூடப்பிறந்தது போலிருந்தது. அதை வாசித்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த லயத்துப் பெண்களில் ஒருத்திக்குத்தான் வாசிக்கத் தெரியும். பால்மரம் வெட்டுகிறவள், ஊரில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஊர்க்கடிதம் வந்தால் எல்லாரும் அவளிடம்தான் கொண்டுபோவார்கள். சாவுச் செய்தியென்றால் உடனே வாசிக்காமல், முதலில் உட்காரச் சொல்லுவாளாம்.

பலகை மாட்டியதும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தமிழ் மாதிரி தெரியலையே. பெட்டியில போடுற கம்பெனி மார்க்கு. தூர் வாரியாச்சு, தண்ணி நல்லாயிருக்குன்னு போட்டிருப்பாங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

குடித்தார்கள். நாலைந்து நாளில் லயத்தில் பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கு. அவளுடைய மூன்று வயது மகளை ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கையில், கிராணி என்னைப் பிடித்துக்கொண்டார். “போர்டு மாட்டினியா இல்லையா?”

“மாட்டினேங்க. பெரிசாத்தான் எழுதினேன். அந்தம்மா படிக்கத் தெரியாம தப்பாச் சொல்லிருச்சு.”

இவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து அது வந்தது. பிள்ளையின் பக்கத்தில் விழித்திருந்துவிட்டு நேரே பெரட்டுக்கு வந்திருந்தாள் அவள். “எனக்குப் படிக்கத் தெரியும்” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கிராணி காதில் வாங்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அன்று பகல் டிரெஸ்ஸர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “என்னய்யா இது? எனக்கே படிக்க வரல. இப்பவே மாத்து” என்றார். எங்கள் இருவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. வெள்ளையடித்து, கடிதம் எழுதுகிற எழுத்திலேயே, வாலும் கொக்கியும் புள்ளியுமாக எழுதி மாட்டினேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன்பிறகு ஒருவரும் அவளிடம் கடிதம் கொண்டுபோகவில்லை. லுக்குட் வரை நடந்துபோய் மளிகைக்கடை பாயிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

எனக்கு உறுத்தியது. என் அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, நாலுபேர் பார்க்க அவள் வாசலில் போய் நின்று, “இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்மா” என்றேன். அதிலேயே என் தப்பு சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அவள் கடிதத்தைத் தொடவில்லை. “உங்களுக்குப் படிக்கத் தெரியும் அண்ணே. எனக்கும் தெரியும். பெரட்டுல வச்சுத்தானே சொன்னீங்க? அங்கேயே மாத்திச் சொல்லுங்க.”

மறுநாள் பெரட்டில் முன்வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கிராணி நிமிர்ந்து, “என்னய்யா?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு, தான் பால்வெட்டும் மர நிரைக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சில மாதங்களில் அவள் குடும்பம் சிரம்பான் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. பிறகுதான், அதுவும் புதிதாகப் போட்ட குழாயடியில் நின்ற இரண்டு மூன்று பேரிடம், அந்தப் பலகையை யாராலும் படிக்க முடியாது, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

“அந்தப் பொண்ணு இங்க இருக்கையில சொல்றதுக்கென்ன?” என்று ஒருத்தி கேட்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.