அலாரம் அடிக்காத விண்கலம்

நான் ஆறாவது படிக்கும்போது என் நைனா ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். எளாவூரில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கோ கொள்ளைச் சந்தோஷம். பள்ளி நூலகத்தில் எடுத்த விண்வெளி மர்மக் கதையைப் படித்துக் காட்ட ஆள் கிடைத்துவிட்டதே!

கும்மிடிப்பூண்டியில் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில், குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது நைனாவின் வேலை. ஒரு நாள் அந்த இயந்திரத்திலிருந்து அம்மோனியா வாயு கசிந்து இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கசிந்தால் அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கவே இல்லை என்றார் நைனா. அலாரம் நன்றாகத்தான் இருக்கிறது, நீதான் தூங்கிவிட்டாய், விசாரணைவரை வராதே என்றது கம்பெனி. விசாரணையில் வேலை நிலைக்குமா, போகுமா என்று தெரிந்துவிடும். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சமைத்தாள். எனக்குக் கதைதான் பெரிதாக இருந்தது.

கதையிலும் ஆட்கள் மயங்கினார்கள். விண்கலத்தில் படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்காமல் போக, காற்றை அளக்கும் கருவி மட்டும் எல்லாம் சரி என்றது. காவல் இருந்தவன்மேல் பழியைப் போட்டு அவனை அறையில் பூட்டினார்கள்.

விசாரணைக்குக் கிளம்பிய காலையில், சட்டையை மாட்டிக்கொண்டே நைனா கேட்டார்.

"அந்த டூட்டில இருந்தவன இன்னா பண்ணாங்க?"

நான் பெருமையோடு விளக்கினேன். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது. மின்விசிறி நின்றால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும். தூங்குகிறவன் அதையே இழுத்து மயங்குவான். கருவி இருந்த பக்கம் விசிறி ஓடியதால் அங்கே காற்று சுத்தம். விண்கலத்தில் இருந்த சிறுமி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கருவி ரிப்பேர் இல்ல நைனா. வெச்ச எடந்தான் தப்பு."

பொத்தான் போட்ட கை நின்றது. அம்மோனியா காற்றைவிட லேசு, கசிந்தால் கூரைக்குத்தான் ஏறும், கம்பெனியில் அலாரத்தைத் தரையோரம் மாட்டியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் பரபரவென்று சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு சொன்னத மத்தவங்க ஒத்துக்கினாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா!

"ப்ரூஃப் இருக்குதே நைனா, ஒத்துக்காம எப்டி?"

மதியமே திரும்பி வந்தார். தான் போவதற்குள் அலாரத்தைக் கழற்றி மேலே மாட்டிவிட்டார்கள் என்றார். நான் கைதட்டிக் குதித்தேன். நைனா அம்மாவைத்தான் பார்த்தார்.

"எப்பவுமே அங்கதான் இருந்துச்சாம். இனிமே வேலைக்கு வரவேணான்ட்டாங்க."

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கருவிதான் சரியான இடத்துக்கு வந்துவிட்டதே, அப்புறம் ஏன் நைனாவுக்கு வேலை இல்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.