மாமியார் காதும் மருமகள் மீட்டரும்

மீட்டரம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் அவள் புருஷன். கல்யாணத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டான். அப்போது அவள் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி சார்ஜர்களை அளந்து பார்த்து, தேறியதா இல்லையா என்று முத்திரை குத்தும் வேலையில் இருந்தாள். அவன் தன் அம்மாவின் ஆடியோ கடையிலிருந்து ஒரு சார்ஜரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தான். இது வெறும் டப்பா, இதைப் போய் விற்கிறீர்களே என்று கத்தினான். அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக் காட்டினாள். சார்ஜர் சுத்தம். பழுது அவன் கொண்டுவந்த ஒயரில். "நீங்க மனுஷியா, மீட்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அடுத்த வாரம் கையில் எந்தச் சாமானும் இல்லாமல் வந்து நின்றான். அப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மருமகளாக வந்தபோது அவளோடு மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் துணிமணி, மற்ற இரண்டிலும் கருவிகள். மாமியார் திறந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். அளக்கத்தான் என்றாள் இவள். எதை அளக்க என்றாள் மாமியார். எல்லாவற்றையும்தான் அத்தை என்றாள் இவள். சும்மா சொல்லக் கூடாது, வந்த அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத பெண்.

மாமியாருக்கோ காதுதான் மூலதனம். கடையின் முன்னறையில், ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் எதிரே அவளுடைய நாற்காலி. ஸ்பீக்கருக்குப் பாட்டைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் எது புதிதாக வந்தாலும் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பாள். கேட்டுவிட்டு, இது மூக்கால் பாடுகிறது, இது தூங்கிவிட்டது, இதை வைக்கலாம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவாள். மாமனார் உயிரோடு இருந்தவரை கடை அவர் பெயரில் இருந்தது, காது இவளுடையதாக இருந்தது. அவர் என்னவோ வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "இவளுக்கு இருக்கிறது காது இல்லை சார், கற்பனை" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவள் வேண்டாம் என்ற சரக்கை ஒரு நாளும் வாங்கினதில்லை. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

மீட்டரம்மா பின்னறையைப் பிடித்துக்கொண்டாள். சாமான் அடைத்து வைத்திருந்த அறை அது. ஜன்னலோரம் ஒரு பெஞ்சைப் போட்டுக் கருவிகளை அடுக்கினாள். இவ்வளவு வாட் என்று அட்டையில் போட்டிருக்கிறானே, அது வருகிறதா, இரைச்சல் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்று ஒவ்வொரு ஆம்பையும் கசக்கிப் பிழிந்து பார்ப்பாள். உள்ளே போகும் ஒலியோடு ஆம்ப் தன் பங்குக்குச் சேர்க்கும் அழுக்குக்குத்தான் அவள் கலப்படம் என்று பெயர் வைத்திருந்தாள். அளக்கும்போது ஆம்புக்கு ஸ்பீக்கரை மாட்ட மாட்டாள். மாட்டினால் ஊரைக் கூட்டும். அதற்குப் பதில் எட்டு ஓம் ரெசிஸ்டர்கள் அடங்கிய ஓர் இரும்புப் பெட்டி. ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளும் மின்சாரத்தைச் சத்தமே இல்லாமல் வாங்கிச் சூடாகிக்கொண்டிருக்கும். கடையில் எல்லோருக்கும் அது 'ஹீட்டர்'. குளிர்காலத்தில் புருஷன் அதன் மேல் கையுறையைக் காயப்போடுவான், இவள் எடுத்து எறிவாள்.

காதும் மீட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மோதாமல் இருக்குமா? முதல் மோதல் சத்தத்தைப் பற்றி வந்தது. ஒரே விலையில் இரண்டு ஆம்ப். இதற்குத்தான் உயிர் இருக்கிறது என்று மாமியார் ஒன்றைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தாள். மருமகள் அளந்தாள். சத்தக் குமிழ் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தாலும், உயிருள்ள ஆம்ப் அரை டெசிபல் கூடுதலாகப் பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம் காதுக்குச் சத்தமாகப் படாது, இனிமையாகப் படும். இந்தத் தொழிலில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் அதுதான். அவள் இரண்டையும் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினாள். மாமியாரால் பிரிக்க முடியவில்லை. மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. நாலாம் நாள், "இனிமே சமமாக்கிட்டே போடு" என்று மட்டும் சொன்னாள். மீட்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வால்வு ஆம்ப் வந்தது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஸ்டீரியோ ஆம்ப். மேலே கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்று செக்கச்செவேலென்று ஒளிரும். கம்பெனிப் பிரதிநிதி இதமாகப் பேசுகிற மனிதர். நகரத்திலேயே உங்கள் கடைக்கு மட்டும்தான் தருவோம் என்றார். புருஷன் அதைப் பார்த்த பார்வையில், கட்டின பெண்டாட்டிக்கே கொஞ்சம் பொறாமை வந்தது. மீட்டரம்மா அளந்தாள். கலப்படம் மற்றதைவிட அதிகம், ஆனால் காதுக்கு எட்டாத அளவு. கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக ஓடியது. வாங்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். கண்ணைத் திறந்தபோது முகம் சரியில்லை. பாஸ் கிட்டார் படியிறங்குகிற மாதிரி இறங்கி வருகிற பாட்டு ஒன்று, அவள் எப்போதும் போட்டுக் கேட்கிற பாட்டு. அதில் ஒரு சுரம் மட்டும் வீங்குகிறது என்றாள். மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் கன்னத்தை உப்பிக்கொள்கிறது. இது நம் கடைக்கு வேண்டாம்.

மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. கோடு நேராக இருக்கிறது, வீக்கம் எங்கிருந்து வரும், எல்லாம் கற்பனை அத்தை என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். மாமியாரின் முகம் இறுகிப்போனது. செத்துப்போன மனுஷன் திரும்பி வந்து நின்ற மாதிரி இருந்திருக்கும்.

"சரி, திரை போட்டு வை," என்றாள் மாமியார். "இதையும் கடையில இருக்கிற பழைய டிரான்சிஸ்டர் ஆம்பையும் மாத்தி மாத்திப் போடு. எது ஓடுதுன்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா கடைச் சாவி உன் கையில. நான் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். சரியாச் சொன்னா பின்னறையைக் காலி பண்ணிடு."

இருவருக்கும் நடுவில் நின்ற புருஷன் பாடு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பழமொழியை எடுத்துவிட்டுப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நீ சும்மா இரு என்றார்கள். அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான்.

மீட்டரம்மாவுக்குத் துளிக்கூடப் பயமில்லை. நடுச் சுருதியில் ஒரே ஒரு டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் முனையில் வோல்டேஜை அளந்து, இரண்டு ஆம்பையும் இம்மி பிசகாமல் சமமாக்கினாள். திரை கட்டினாள். புருஷன் திரைக்குப் பின்னால் காசைச் சுண்டி, பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று மாற்ற வேண்டும். மாமியார் கண்ணை மூடினாள். பாட்டு ஓடியது. பாஸ் கிட்டார் இறங்கி வந்தது.

"வால்வு," என்றாள் மாமியார். சரி. "இதுவும் வால்வு." சரி. "இது பழசு." சரி.

பன்னிரண்டு தடவையும் சரி. மீட்டரம்மா விடவில்லை. சுவிட்ச் போடுகிற சத்தத்தில் கண்டுபிடிக்கிறாள் என்று புருஷனை நடைவழிக்குத் துரத்தி, ஒயரை நீட்டி, திரும்ப நடத்தினாள். திரும்பவும் சரி. மாமியார் எழுந்து புடவையை உதறிக்கொண்டு போனாள். ஜெயித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது இவளுக்கு.

அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்று புருஷன் வந்தான். பேச வேண்டாம், தோற்றது நான்தான் என்று அவனை அனுப்பிவிட்டாள். அழுகை வந்தது. தோற்றதற்காக வந்த அழுகை இல்லை. எங்கே தோற்றோம் என்றே தெரியவில்லையே என்ற ஆத்திரத்தில் வந்தது. வீக்கம் இருக்கிறது, இல்லாவிட்டால் பிரிக்க முடியாது. கோட்டில் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாகும்?

மறுநாள் காலை பெட்டிகளைத் திறந்து கட்ட ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு வந்த அதே இரண்டு பெட்டிகள். அலையைக் கோடாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் போனது, மீட்டர்கள் போயின, ஒயர்கள் சுருண்டு போயின. கடைசியில் பெஞ்சின் மேல் மிஞ்சியது ஹீட்டர். கனத்த சாமான், இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எட்டு ஓம். கீழ் சுருதி கொடுத்தாலும் எட்டு, மேல் சுருதி கொடுத்தாலும் எட்டு. இத்தனை வருஷமாக எல்லா ஆம்பையும் இந்த இரும்புப் பெட்டியோடு சேர்த்துத்தான் அளந்திருக்கிறாள். இதை எவன் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாட்டுக் கேட்கிறான்? ஸ்பீக்கருக்கு அப்படி ஒரே குணம் கிடையாது. மின்சாரத்துக்கு ஒரு சுருதியில் ஆறு ஓம் தடை காட்டும், இன்னொன்றில் முப்பது காட்டும். பிடி தளராத ஆம்ப் அதற்கெல்லாம் அசையாது. இந்த வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இழுத்த இழுப்புக்குப் போகிற ரகமாக இருந்தால்? அட, மண்டையில் இருப்பது மூளையா, களிமண்ணா என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

கட்டினதையெல்லாம் அவிழ்த்தாள். மாமியார் சாப்பிடப் போயிருந்த நேரம். நடைவழி நெடுக ஒயரை இழுத்துக்கொண்டு போய், முன்னறை ஸ்பீக்கரிலேயே வால்வு ஆம்பை மாட்டி, ஸ்பீக்கரின் முனையில் மீட்டரை வைத்தாள். நேற்றும் இதே முனையில்தான் வைத்தாள். ஆனால் ஒரே ஒரு டோனுக்கு வைத்தாள், அதோடு நிறுத்திவிட்டாள். இப்போது கீழிருந்து மேல் வரை எல்லாச் சுருதியையும் ஓட்டினாள். கருவியின் திரையில் கோடு கிளம்பியது. கிளம்பின கொஞ்ச தூரத்திலேயே ஏறி, மேடு கட்டி, இறங்கி, அதற்கப்புறம்தான் நேரானது. பழைய ஆம்பை மாட்டி ஓட்டினாள். அதில் மேடு இல்லை.

சத்தம் கேட்டு மாமியார் கை ஈரத்தோடு வந்து நின்றாள். இன்னும் என்ன நோண்டல் என்ற கேள்வி முகத்தில் இருந்தது. மீட்டரம்மா நாற்காலியைக் கருவியின் திரைக்கு முன்னால் நகர்த்திப் போட்டு, உட்காருங்கள் அத்தை என்றாள்.

"நேரா ஓடறது பழசு. மேடு கட்டியிருக்கே, அது வால்வு."

மாமியார் பார்த்தாள். "அந்தக் கிட்டார் சுரம் இதுல எங்க இருக்கு?"

மீட்டரம்மா பாட்டைப் போட்டு, அந்தச் சுரத்தில் நிறுத்தி, அதன் சுருதியைக் கணக்கிட்டு, திரையில் விரலை வைத்தாள். மேட்டின் உச்சிக்கு நேர் கீழே. மாமியாரும் தன் ஈர விரலை அங்கே வைத்தாள்.

"அப்ப கற்பனை இல்லை."

"இல்லை அத்தை. ஒன்றரை டெசிபல். உங்க காது சொன்னது அப்படியே உண்மை. என் மீட்டரும் பொய் சொல்லல. நான்தான் அதைக் கேக்க வேண்டிய இடத்துல கேக்கல. நேத்து அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு."

மாமியாரின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் என்றாள். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அந்த மனுஷனும் சிரித்தார், பெற்ற பிள்ளையும் சிரித்தான், காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை என்றாள். மீட்டரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பெருமையாக இருந்தது. தோற்ற பந்தயத்தில் இப்படி ஒரு பெருமை வருமா என்று அவளுக்கே வியப்பு.

மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியெல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்டாள். கட்டினதை அவிழ்த்துவிட்டேன், திரும்பக் கட்டிவிடுவேன், சொன்னது சொன்னதுதான் என்றாள் மருமகள்.

"பின்னறையைத்தான் காலி பண்ணச் சொன்னேன். கடையைக் காலி பண்ணச் சொன்னேனா? அந்த பெஞ்சைத் தூக்கிட்டு வந்து என் நாற்காலி பக்கத்துல போடு. ஹீட்டரும் வரட்டும், எனக்குக் கால் குளிருது."

அடுத்த வாரம் பிரதிநிதி இதமான முகத்தோடு வந்தார். முன்னறையில் பெஞ்சும் நாற்காலியும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். மீட்டரம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னாள். ஆம்ப் கெட்டதில்லை, ஆனால் எல்லா ஸ்பீக்கருக்கும் ஆகாது. பொருந்துகிற ஸ்பீக்கரோடு மட்டும்தான் விற்போம், பொருந்தாதவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லுவோம். அவர் பையிலிருந்து கம்பெனி அச்சடித்த கோட்டுப் படத்தை எடுத்து நீட்டினார். நேரான கோடு. வீக்கம் என்று யார் சொன்னது, யாரோ கற்பனை செய்திருக்கிறார்கள் என்று சிரித்தார்.

மீட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"கேட்டது நான். அளந்தது என் மருமக," என்றாள். "உக்காருங்க சார், போட்டுக் காட்டறோம்."