வடக்கே தலைவைக்காத அண்ணனும் விமானக் கட்டிலும்

2004 செப்டெம்பரில் அண்ணனை லண்டனிலிருந்து எங்கள் ஊரான ஜெயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் கமக்காரன். தங்கையான என்னைப் பார்க்க வந்த இடத்தில் என் வீட்டு மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். காலபோக நெல் விதைப்புக்கு முன் ஊர் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேறு காலும் அப்போது அவருக்கு இல்லை. காலைத் தொங்கவிட்டு விமானத்தில் அவ்வளவு நேரம் இருந்தால் இரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம், நீட்டிப் படுத்தபடி போவதென்றால் போகட்டும் என்றார் மருத்துவர். ஆகவே முதல்முறையாக பிஸ்னஸ் கிளாஸ். சாதாரண ரிக்கெற்றைப்போல மூன்று மடங்கு விலை.

கொழும்புக்குப் பதினொரு மணித்தியாலம். பொத்தானை அழுத்தினால் கதிரை கட்டிலாகிறது. மெத்தை, சூடான துவாய், காலுறை எல்லாம் தருகிறார்கள். குறையும் உண்டு: மூக்கு வறண்டுபோகும், கால் பக்கம் ஒடுக்கம், புரண்டு படுப்பது கடினம்.

இடப்பக்க யன்னலோரம் இருந்த அண்ணனுக்கு மிகவும் பிடித்தது, விமானம் போகும் வழியைக் காட்டும் திரைதான். முதல் பாதி கிழக்கே போனோம், தலை மேற்கே. நிம்மதியாகப் படுத்திருந்தார். விடிந்ததும் விமானம் தெற்கே திரும்பியது. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். கால் தெற்கே என்றால் தலை வடக்கே. வடக்கே தலைவைத்து எங்கள் வீட்டில் யாரும் உறங்குவதில்லை. அதை முப்பதாயிரம் அடி உயரத்திலும் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. கெஞ்சினேன், ஏசினேன். கணுக்கால் வீங்கத் தொடங்கியது. என் வீட்டுப் படியில் விழுந்தவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற பயத்தில் அழுதுவிட்டேன்.

அவர் கழிவறைக்குப் போன நேரம் திரையை அணைத்தேன். திரும்பி வந்தவரிடம் விமானம் மறுபடி கிழக்கே திரும்பிவிட்டது என்றேன். என் முகத்தைப் பார்த்தார். காலை நீட்டிப் படுத்தார். நானும் நன்றாக உறங்கினேன்.

கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வான் வண்டியில் ஏழு மணித்தியாலம். அங்கே தங்கி, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றோம். வவுனியாவிலிருந்து 14 கிலோமீற்றர்தான். ஆனாலும் வெள்ளனப் போங்கள். பெட்டிகளைத் திறந்து காட்ட வேண்டும், நடக்கவும் வேண்டும். நோயாளி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காத்திருந்த நேரத்தில் வான் சாரதி கதை கேட்டார். "பிளேனில கட்டிலாமே அண்ணை, நல்ல நித்திரையோ?"

"எங்க நித்திரை? வெய்யில் இடக்கன்னத்தில சுடுது, பிளேன் கிழக்க போகுதெண்டு இவள் சொல்லுறாள்" என்றார் அண்ணன். "அழுதுபோட்டாள், பாவம். நான் படுத்தாத்தானே இவள் கண்ணை மூடுவாள்? நாலரை மணித்தியாலம் முழிச்சபடி நீட்டி நிமிர்ந்து கிடந்தனான்."

திரையை அணைத்த நான் யன்னலை மறந்துவிட்டேன். குனிந்து அவர் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

வயதானவர்களோடு இப்படிப் பயணம் செய்ய இருப்பவர்கள், விமானம் எந்தத் திசையில் போகும் என்று ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டுவையுங்கள். காசு இருந்தால் கட்டில் உள்ள இருக்கையையே எடுங்கள், உறங்கலாம். நான் உறங்கினேன். குறட்டையும் விட்டேனாம், பக்கத்தில் விழித்துக் கிடந்தவர் சொன்னார்.